ஒரு ஆல்பத்துக்குத்தான் காசு: ‘இன் வேவ்ஸ்’, ‘ஹனி’, ‘இமேஜினல் டிஸ்க்’

2024-இல் ஆகஸ்ட் 23-க்கும் அக்டோபர் 4-க்கும் இடையே ஆறே வாரத்தில் எலக்ட்ரானிக் பாப் ரசிகர்களின் பர்ஸைக் குறிவைத்து மூன்று ஆல்பங்கள் வந்து இறங்கின. முதலில் மக்டலீனா பே இணையின் ‘இமேஜினல் டிஸ்க்’. செப்டம்பர் 20 அன்று ஜேமி எக்ஸ்எக்ஸின் ‘இன் வேவ்ஸ்’. அக்டோபர் 4 அன்று காரிபூவின் ‘ஹனி’. மூன்றும் சுயாதீன நிறுவனங்களின் வெளியீடு: நியூயார்க்கின் மாம் ப்ளஸ் பாப், லண்டனின் யங், பெர்லினின் சிட்டி ஸ்லாங். ஸ்ட்ரீமிங்கில் மூன்றையும் கேட்டுவிடலாம், அதற்கு எந்த முடிவும் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது என்று வரும்போதுதான் சிக்கல். இறக்குமதியாகி வரும் வினைல் தட்டு ஒன்றே சில ஆயிரம் ரூபாயை விழுங்கிவிடுகிறது. மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் எதை எடுப்பது?

‘பிராட்’ ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். சார்லி எக்ஸ்சிஎக்ஸின் அந்தப் பச்சை அட்டை ஆல்பம் ஜூன் 7 அன்றே வந்துவிட்டது; அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனத்தின் வெளியீடு; காலின்ஸ் அகராதி அதன் தலைப்பையே ஆண்டின் சொல்லாக அறிவிக்கும் அளவுக்கு ஊரெல்லாம் ஒலித்தது. அதைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. செப்டம்பர் 13 அன்று வந்த ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸின் ‘கேஸ்கேட்’ எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அது தாளத்துக்கும் சின்தசைசருக்குமான ஆல்பம். அங்கே பாடகருக்கு வேலை குறைவு. இந்த ஒப்பீட்டில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோலோ குரல்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எலக்ட்ரானிக் பாப்பில் இன்று ஒலித்தரம் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் கைவந்த ஒன்று. ஒரே மென்பொருள்கள், ஒரே டிரம் ஒலிகள், நாற்பது ஆண்டுப் பழைய சின்தசைசர்களின் அதே நகல்கள். யாருடைய பீட் மேலானது என்று அளந்துகொண்டிருந்தால் முடிவுக்கே வர முடியாது. அந்த இயந்திரங்களுக்கு நடுவே நின்று பேசுகிற மனிதக் குரல் யாருடையது, அதை இசைஞர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் மூன்று ஆல்பங்களும் மூன்று திசைகளில் பிரிந்துவிடுகின்றன. ஜேமி குரல்களை இரவல் வாங்குகிறார். காரிபூ தன் குரலையே உருமாற்றிவிடுகிறார். மக்டலீனா பே ஒரே குரலை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது.

ஜேமியிடமிருந்து தொடங்கலாம். ‘தி எக்ஸ்எக்ஸ்’ என்ற லண்டன் குழுவில் ரோமியும் ஆலிவர் சிம்மும் பாட, பின்னால் நின்று இசையைக் கட்டியவர் இவர். 2009-இல் வந்த அவர்களது முதல் ஆல்பம் மறு ஆண்டு பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வென்றது. ஜேமி தனியாகச் செய்த ‘இன் கலர்’ 2015-இல் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் ‘இன் வேவ்ஸ்’. எதிர்பார்ப்பு ஏறிக்கிடந்ததில் வியப்பில்லை. வெளியீட்டுக்கு முன்பு ‘தி ஃப்ளோர்’ என்ற பெயரில் லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் தொடர் இரவுகளாக நடன நிகழ்ச்சிகள் நடத்தினார். அந்த வாடை ஆல்பம் முழுக்க இருக்கிறது. பன்னிரண்டு பாடல்கள், முக்கால் மணி நேரம். ஒரு கிளப்புக்குள் நுழைந்து விடியற்காலையில் வெளியே வருகிற வரிசையில் அடுக்கியிருக்கிறார்.

விருந்தினர்களின் பெயரைப் படித்தாலே மூச்சு வாங்கும்: ரோமி, ஆலிவர் சிம், ஹனி டிஜான், கெல்சி லு, ஜான் கிளேசியர், பாண்டா பேர், ராபின், அவலாஞ்சஸ், கடைசியில் பெல்ஃபாஸ்ட் நடனக் கலைஞர் ஊனா டோஹெர்டி. இதில் ‘வெயிட்டட் ஆல் நைட்’ பாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோமியும் ஆலிவரும் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடுகிறார்கள். இருவருமே உரக்கப் பாடுகிறவர்கள் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலப் பாடுகிறவர்கள். அந்தத் தணிந்த குரல்களுக்கு அடியில் ஜேமி வேகமான, அடங்காத பீட் ஒன்றை ஓட விடுகிறார். பழைய குழுவில் இந்த மூவரும் மௌனத்தை வைத்து வேலை செய்தவர்கள். இங்கே மௌனத்துக்கு இடமே இல்லை, ஆனாலும் அந்தக் கூச்சம் அப்படியே இருக்கிறது. மூன்று ஆல்பங்களிலும் சேர்த்துத் தனிப்பாடல் ஒன்றுக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் இதற்குத்தான் கொடுப்பேன்.

‘டாஃபடில்’ இன்னொரு வகை. மூன்று விருந்தினர்கள் ஒரே கோடை இரவை மூன்று விதமாக நினைவுகூர்கிறார்கள். யார் எங்கே முடிக்கிறார், யார் எங்கே தொடங்குகிறார் என்பது வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் விட்டு வெளியே வந்தால் இரவல் குரல்களின் பலவீனம் தெரியத் தொடங்கும். ராபின் போன்ற ஒருவரை அழைத்து வந்து ‘லைஃப்’ பாடலில் பித்தளை வாத்தியங்களோடு உற்சாகக் கூச்சல் போட வைத்திருக்கிறார். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பாடலின் நெஞ்சைப் பிளக்கத் தெரிந்த பாடகியை வாழ்த்துரைக்கு அழைத்த மாதிரி ஆகிவிட்டது. ‘பிரீதர்’ பாடலில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் தொனியில் ஒரு பெண்குரல் வருகிறது. முதல் முறை கேட்கும்போது சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்து வரும். நான்காம் முறை விரல் தானாக அடுத்த பாடலுக்குப் போகும். ஊனா டோஹெர்டியின் முடிவுரையும் அப்படித்தான். பேரண்டத்தில் நாம் ஒரு சிறு புள்ளி என்கிற அந்தப் பேச்சு வியர்வையில் நனைந்த கூட்டத்துக்கு நடுவே ஒலித்தால் உடம்பு சிலிர்க்கலாம். காலை பத்து மணிக்கு வீட்டில் ஒலித்தால் பள்ளி ஆண்டு விழா நினைவுக்கு வருகிறது.

காரிபூவுக்கு வருவோம். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் டான் ஸ்னெய்த் என்ற கனடாக்காரர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தந்தையும் கணிதப் பேராசிரியர், சகோதரியும் கணிதப் பேராசிரியர். ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸின் சாம் ஷெப்பர்டோ நரம்பியலில் முனைவர். இந்த இசை வகையில் டாக்டர்களின் எண்ணிக்கை கொஞ்சம் அதிகம்தான். ஸ்னெய்த் முதலில் மனிடோபா என்ற பெயரில் இசை வெளியிட்டார். அதே பெயரில் ஏற்கெனவே மேடையேறிக்கொண்டிருந்த பழைய பங்க் பாடகர் ஒருவர் வழக்கு மிரட்டல் விடுத்ததால் காரிபூ ஆனார்.

‘ஹனி’ ஆல்பத்தில் விருந்தினர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் போட்டுக் கேட்டால் முதல் பாடலிலேயே ஓர் இளம்பெண் பாடுகிறார். பின்னால் வேறொரு பெண், இன்னும் பின்னால் ‘கேம்ப்ஃபயர்’ பாடலில் ராப் பாணியில் ஓர் ஆண். இவர்கள் எல்லோருமே ஸ்னெய்த்தான். தான் பாடியதைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வேறு வேறு குரல்களாக மாற்றியிருக்கிறார். அதை ஒளிக்கவும் இல்லை, வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இருந்தும் சர்ச்சை எழுந்தது. வெள்ளைக்கார ஆண் ஒருவர், கறுப்பினப் பாடகரின் சாயல் கொண்ட குரலை ஒரு கருவியிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொள்ளலாமா என்பது கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு பாடகியை அழைத்திருந்தால் அவர் பெயர் அட்டையில் வந்திருக்கும், கையில் பணம் போயிருக்கும்.

தமிழில் இந்த விவகாரம் நமக்குப் புதிதில்லை. அதே 2024-இன் தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் இதே தொழில்நுட்பத்தால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அவர்களுக்கு ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டு விஜய் நடித்த ‘கோட்’ படத்தில், மறைந்த அக்கா பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா ஒலிக்கவிட்டார். அந்தப் பாடல்களைப் பற்றி நமக்குள் என்ன சண்டை இருந்தாலும், கேட்கும்போது யாரைக் கேட்கிறோம் என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு பெயர் இருந்தது, ஒரு முகம் இருந்தது, ஓர் இழப்பு இருந்தது. ‘ஹனி’யில் என் சங்கடம் அறத்தைவிட ரசனை சார்ந்தது. அந்தக் குரல்களுக்குப் பின்னால் ஆளே இல்லை. இளம்பெண்ணின் குரலில் மனமுடைந்து பாடுகிறார். அந்த முறிவு யாருக்கு நேர்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஒலி கச்சிதம், உள்ளே வெற்றிடம்.

இத்தனை குறை சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு ‘ஹனி’யை அடிக்க இந்த மூன்றில் ஆளில்லை. தலைப்புப் பாடலில் பேஸ் என்கிற தாழ்ந்த அடியொலி தயங்கித் தயங்கி வந்து, ஒரு கணம் எல்லாமே நின்று, மறுபடி விழும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டுக் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பது கடினம். ‘வால்யூம்’ பாடலில் 1987-இல் உலகத்தையே ஆட்டிவைத்த ‘பம்ப் அப் தி வால்யூம்’ பாடலை எடுத்து மறுவார்ப்பு செய்திருக்கிறார். மரியாதையும் குறும்பும் சரிபாதி. ‘கம் ஃபைண்ட் மீ’ பிரெஞ்சு ஹவுஸ் என்ற கிளப் நடன இசையின் பளபளப்போடு ஓடுகிறது. சமையலறையில், நடைப்பயிற்சியில், நீண்ட பஸ் பயணத்தில் இந்த ஆல்பம் கைகொடுக்கும். கவனித்துக் கேட்கத் தொடங்கினால்தான் கைவிடும்.

இனி ‘இமேஜினல் டிஸ்க்’. மைக்கா டெனன்பாமும் மேத்யூ லூயினும் மயாமியில் பள்ளி நாட்களில் சந்தித்தவர்கள். அந்த வயதில் இருவரும் நடத்தியது ப்ராக்ரசிவ் ராக் குழு. பத்து நிமிடப் பாடல், பாடலுக்குள் நான்கு பாடல் என்று போகிற வகை. பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் மூன்று நிமிடப் பாப் பாடல்களுக்கு மாறினார்கள். 2021-இல் வந்த முதல் ஆல்பமான ‘மெர்க்யூரியல் வேர்ல்ட்’ ‘தி எண்ட்’ என்ற பாடலில் தொடங்கி ‘தி பிகினிங்’ என்ற பாடலில் முடியும். முதல் பார்வைக்கு இது விளையாட்டு. பாடல்களைத் தனித்தனியாக விற்காமல் ஆல்பமாகவே யோசிக்கிற ஆட்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இரண்டாவது ஆல்பத்தில் பழைய ப்ராக் பைத்தியமும் புதிய பாப் புத்தியும் கைகோத்திருக்கின்றன. கம்பளிப்புழுவின் உடலுக்குள் சில திசுக்கள் ஒதுங்கி இருக்கும். கூட்டுப்புழுவாக இருக்கும் காலத்தில் அவைதான் பட்டாம்பூச்சியின் இறக்கையாகவும் காலாகவும் வளர்கின்றன. உயிரியலில் அவற்றுக்குரிய பெயரைத்தான் இவர்கள் தலைப்பில் வைத்திருக்கிறார்கள். கதை இதுதான்: ட்ரூ என்ற பெண்ணின் நெற்றியில், அவளை மேம்படுத்துவதாகச் சொல்லி ஒரு குறுந்தகட்டைச் செருகுகிறார்கள். உடல் அதை ஏற்க மறுக்கிறது. மனுஷியாக இருப்பது எப்படி என்று அவள் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அட்டைப்படத்தில் மைக்காவின் நெற்றியில் அந்தத் தட்டு பாதி இறங்கியிருக்கிறது. ஓட்டைக் கதை என்று தோன்றினால் தோன்றட்டும். கதையைக் கண்டுகொள்ளாமலும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்த ஆல்பத்தைக் கேட்கலாம்.

குரலுக்கு வருகிறேன். மைக்காவின் குரல் பெரிய குரல் இல்லை. மெல்லியது, உச்சத்தில் சிறுமியின் குரல் போலக் கீச்சென்று நிற்பது. சிலருக்கு அது தித்திப்பாகத் திகட்டும், முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பதினைந்து பாடல்களிலும் அந்த ஒரே குரல்தான். ‘ட்ரூ ப்ளூ இன்டர்லூட்’ என்ற சிறு துண்டில் விளம்பரக் குரலாகக் குழைகிறது. ‘டெத் அண்ட் ரொமான்ஸ்’ பாடலில் பியானோ விரட்டி விரட்டி அடிக்க, டிரம்ஸ் ஒலிபெருக்கியைக் கிழித்துக்கொண்டு வர, அந்தச் சின்னக் குரல் அடித்துச் செல்லப்படாமல் மேலே மிதக்கிறது. ‘டனல் விஷன்’ பாடலில் இன்னும் துணிச்சல். பாதிவரை முணுமுணுப்பு. பாட வேண்டியது தீர்ந்ததும் குரல் ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் டிரம்ஸும் கிட்டாரும் சின்தசைசரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கொந்தளிக்கின்றன. பள்ளி நாட்களின் ராக் குழு அந்த இடத்தில் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. குரல் திரும்பாதா என்று காது தேடுகிறது பாருங்கள், அந்தத் தேடலை மற்ற இரண்டு ஆல்பங்களும் என்னிடம் உண்டாக்கவில்லை. ஒன்பது பேர் வந்து போகிற இடத்தில் யாரைத் தேடுவது? ஒருவரே ஒன்பது பேராக நடிக்கும் இடத்திலும் தேட வழியில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒலியை எக்கச்சக்கமாக அடைத்திருக்கிறார்கள். சாதாரண இயர்போனில் ‘டெத் அண்ட் ரொமான்ஸ்’ பாடலின் இறுதிப் பகுதி கூழாகிவிடுகிறது. ஒரு பாடலின் வால் அடுத்த பாடலின் தலையோடு ஒட்டியிருப்பதால் கலவைப் பட்டியலில் நடுவிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டால் அரைகுறையாக நிற்கும்.

இந்த ஒட்டுதல்தான் வாங்கும் முடிவில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. வினைலில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு நிமிடம் என்பதுதான் சௌகரியமான அளவு. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி தணியும், பேஸ் மெலியும். அதனால் ‘இமேஜினல் டிஸ்க்’ இரட்டைத் தட்டாக வருகிறது. நான்கு பக்கம் என்றால் நடுவில் மூன்று முறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். மூச்சுவிடாமல் ஓட வேண்டும் என்று செய்த ஆல்பத்துக்கு அது பொருந்தவில்லை, விலையும் கூடுதல். ‘இன் வேவ்ஸ்’ ஒரு முறை திருப்பினால் போதும் என்ற நீளத்தில் இருக்கிறது. இரவின் முன்பாதி, பின்பாதி என்று பிரித்துக் கேட்டாலும் கெடாது.

ஆகவே என் தேர்வு இப்படி. காசு கொடுக்கத் தகுந்த ஆல்பம் ‘இமேஜினல் டிஸ்க்’தான், ஆனால் வினைலாக வேண்டாம். பேண்ட்கேம்ப் தளத்தில் சுருக்கப்படாத டிஜிட்டல் கோப்பாக வாங்குங்கள். தட்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும், பாடல்களுக்கு இடையே வெட்டும் விழாது. அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக மற்றது இசைஞருக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. ஆண்டில் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள், அந்த நாளுக்குக் காத்திருந்தால் இன்னும் நல்லது. காதை மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் தொட்டுப் பார்க்கத் தட்டுதான் வேண்டும், அலமாரியில் அடுக்க வேண்டும் என்பவர்களுக்கு ‘இன் வேவ்ஸ்’. ஒரு நிபந்தனை உண்டு: பேஸை ஒழுங்காகக் கொடுக்கும் ஸ்பீக்கர் இருக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர் பொறுமைசாலியாகவும் இருக்க வேண்டும். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஆல்பத்தின் பாதி காணாமல் போய்விடும். அந்த வசதி இல்லாதவர்கள் ‘வெயிட்டட் ஆல் நைட்’, ‘டாஃபடில்’ இரண்டையும் ஸ்ட்ரீமிங்கில் சேமித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். ஜேமியிடம் தட்டாக வாங்க வேண்டியது இன்னும் ‘இன் கலர்’தான் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

‘ஹனி’யை வாங்காதீர்கள், கேளுங்கள். காரிபூவுக்கென்று எடுத்துவைத்த காசு இருந்தால் 2020-இல் வந்த ‘சடன்லி’ ஆல்பத்தில் போடுங்கள். குடும்பம், மரணம், பிரிவு என்று சொந்த வாழ்க்கையை வைத்துச் செய்த ஆல்பம் அது. ஸ்னெய்த் அதில் தன் சொந்தக் குரலில், சன்னமாக, சில இடங்களில் சுருதி நடுங்கப் பாடியிருக்கிறார்.